முப்பத்தொன்றாம் தேதிக் குரல்கள்

பணி நிறைவு விழாக்களில் பல குரல் பேசுவது, மாதத்தின் கடைசி நாளில் மட்டும் ஓடுகிற தொழில். அரசாங்க வேலையில் இருப்பவர் ஐந்தாம் தேதி பிறந்திருந்தாலும் இருபதாம் தேதி பிறந்திருந்தாலும், வீட்டுக்கு அனுப்புவது அந்த மாதக் கடைசியில்தான். அதனால் தென்காசியைச் சுற்றி எந்த மண்டபத்தில் யார் தோளில் சால்வை விழுந்தாலும் அன்றைக்குத்தான் விழும். ஒரே நாளில் மூன்று விழா. மற்ற நாளெல்லாம் நான் வீட்டில் பல்லிக்குக் குரல் கொடுத்துக்கொண்டு இருப்பேன்.

நீங்களும் இப்படி ஒரு விழாவில் மாட்டியிருப்பீர்கள். "ஓய்வு அவருடைய பணிக்குத்தான், அவருக்கு அல்ல" என்று முதல் ஆள் சொன்னபோது கைதட்டியிருப்பீர்கள். ஒன்பதாவது ஆள் அதையே சொன்னபோது, சாம்பார் சாதம் எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று கழுத்தைத் திருப்பியிருப்பீர்கள். ஒன்பதாவது ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் நடுவில் உங்களை எழுப்புவதற்காக மைக்கைப் பிடிக்கிற பெண் நான்தான். பெயர் எசக்கி. வயது பதினெட்டு. பதினொன்றாம் வகுப்பில் ஆரம்பித்தது.

விழாவுக்கு முந்தின நாள் அந்த அலுவலகத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து குரல் பிடிப்பேன். அதிகாரி எப்படி இருமுகிறார், யார் போனை எடுத்ததும் மூன்று தடவை "ஆங்" சொல்கிறார், எல்லாம் மனசுக்குள் போய்விடும். கிளம்பும்போது ஓய்வு பெறுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "நாளைக்குப் போகணும்னு எப்படி முடிவாச்சு?" அந்தக் கேள்வி மட்டும் நிகழ்ச்சிக்காக அல்ல.

அப்பாவின் பங்குனி

அது என் அப்பாவின் முழங்காலுக்காக. அப்பா சண்முகவேல், நில அளவை வேலையில் புல உதவியாளர். சங்கிலி இழுக்க வேண்டும், எல்லைக்கல் சுமக்க வேண்டும், கருவேல முள்ளுக்குள் நுழைந்து பழைய கல்லைத் தேட வேண்டும். நாற்பத்தொன்பது வயதுக்குள் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. படியேறும்போது அது போடுகிற சத்தம் ஒன்றைத்தான் என்னால் வாயால் போட முடியவில்லை. "உக்காந்து பாக்குற வேலையா இருந்தாப் பாரு, இல்லன்னா விட்டுரு" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவால் விடவும் முடியாது, உட்காரவும் முடியாது. இதில் எதற்காவது ஒரு வழி கிடைக்காதா என்றுதான் போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விட முடியாததன் கதை இது. அப்பாவுக்கும் அவருடைய சிநேகிதர் முருகையா மாமாவுக்கும் வேலை உத்தரவு வந்தது ஒரே தபாலில். அது இரண்டாயிரத்து மூன்று, பங்குனி மாதம். மாமா மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் சாஸ்தா கோயிலில் பங்குனி உத்திரத்துக்குப் பொங்கல் வைக்கிற முறை அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு. அது முடிந்த பிறகும் பங்குனியில் புது வேலை வேண்டாம், சித்திரை பிறக்கட்டும் என்று அப்பா அவகாசம் எழுதிக் கேட்டு, நல்ல நாள் பார்த்துச் சேர்ந்தார். பழைய பென்சன் இனி கிடையாது என்ற உத்தரவு அதற்கும் பிறகுதான் வந்தது. ஆனால் அது பின்பக்கமாக நடந்துபோய், ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் சேர்ந்தவர்களுக்கெல்லாம் என்று உட்கார்ந்துகொண்டது.

அதனால் மாமாவுக்குப் பழைய பென்சன். இருபது வருஷம் முடித்துவிட்டார் என்றால், மூன்று மாதம் முன்னால் கடிதம் கொடுத்துவிட்டு எந்த வயதிலும் பென்சனோடு போகலாம். அப்பாவுக்கு அப்படி இல்லை. தன் சம்பளத்தில் பிடித்ததும் அரசாங்கம் போட்டதும் எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அவ்வளவுதான், அறுபதுவரை இழுத்தால்தான் கட்டுப்படியாகும். போதாததற்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்த மாமா சீனியர். நில ஆவணக் கட்டுகளை அடுக்கி வைக்கிற பதிவறையில், மின்விசிறிக்குக் கீழே இருக்கிற ஒரே நாற்காலி அவருக்குத்தான். இதை யார் கேட்டாலும் அப்பா சிரித்துக்கொண்டே ஒரே பதில்தான் சொல்வார்: "முப்பது நாளு லேட்டாப் போனேன், முப்பது வருசம் நிக்க வச்சிட்டாவ."

ஜூன் ஒன்று

மே முப்பத்தொன்று எங்கள் தொழிலுக்குத் தீபாவளி. ஏனென்றால், நம்ம பக்கத்துப் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். பிறந்தது என்னவோ ஐப்பசி அடைமழையிலோ தை அறுப்பிலோதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தேதி தெரியாமல் முழித்தால், ஹெட்மாஸ்டர் தானாக ஒன்று எழுதிக்கொள்வார். ஒன்றாம் தேதி பிறந்தவர் அந்த மாதம்கூட இருக்க முடியாது. முந்தின மாதக் கடைசியிலேயே அனுப்பிவிடுவார்கள்.

ஆலங்குளம் பக்கம் ஒரு டீச்சர், இப்படித்தான் மே முப்பத்தொன்றில் போனார். அதே பள்ளியில் இன்னொரு டீச்சர் ஜூன் இரண்டு. அவர் ஜூன் கடைசிவரை இருக்கலாம். அதற்குள் புதுப் பள்ளி ஆண்டு தொடங்கிவிடும். நடுவில் வாத்தியார் மாறினால் பிள்ளைகள் படிப்புக் கெடும் என்று ஆண்டு முடிகிற மட்டும் வேலையில் வைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் வித்தியாசம், ஒரு வருஷ வேலை! நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். டீச்சர் மாலையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "என்னப் பெத்தது எங்கம்மா, ரிட்டையர் ஆக்குனது ஒண்ணாங் கிளாசு ஹெட்மாஸ்டரு. எவ்வளவு தூரம் யோசிச்சிருக்காரு பாத்தியா?"

முப்பத்தாறு வயதில் சால்வை

கடையம் பக்கம் ஒரு ஊரில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவருக்கு விழா. மேடையில் பார்த்தால் ஆள் என் கணக்கு வாத்தியாரைவிடச் சின்னவர். முப்பத்தாறு வயது, நரை இல்லை, மடியில் எல்.கே.ஜி. படிக்கிற மகள். உடம்புக்கு ஏதாவதா அண்ணாச்சி என்று கேட்டேன். சிரித்தார். சிப்பாய்க்குப் பதினைந்து வருஷம் முடிந்தால்தான் பென்சன். "பதினாலு முடிஞ்சவன் பனிக்குள்ள கெடந்தாலும் வெளிய வரமாட்டான். பதினஞ்சைத் தாண்டிட்டான்னா, எப்படா விடுவாவன்னு டிரங்குப் பெட்டிய அடுக்க ஆரம்பிச்சிருவான்" என்றார்.

அவருடைய பட்டாளத்து மேலதிகாரி இந்தியும் தமிழும் கலந்து திட்டுவது மாதிரி நான் பேசியதும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் தம்பி மட்டும் சிரிக்காமல் நின்றான். அவன் போயிருப்பது புதிதாக வந்த நாலு வருஷத் திட்டத்தில். முடிந்ததும் மொத்தமாக ஒரு தொகை, பென்சன் கிடையாது. லீவு முடிந்து மறுநாள் ரயிலேற வேண்டும். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "எனக்கு இருவத்தி மூணு வயசுல விழா வைக்கணும், ஏட்டி. என்ன பேசுததுன்னு இப்பவே யோசிச்சு வை."

அரைச் சம்பளம்

தென்காசியில் ஒரு எழுத்தர் அண்ணாச்சிக்கு ஐம்பத்தைந்து வயது. முப்பது வருஷம் முடிந்த மறுமாதமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு வெற்றுத் தாளை மடித்துக் காட்டி விளக்கினார். முப்பது வருஷத்துக்கு, கடைசிச் சம்பளத்தில் பாதி பென்சன். அதற்கு மேல் எத்தனை வருஷம் இருந்தாலும் பாதி பாதிதான். அப்படியென்றால் வீட்டில் கால் நீட்டிக் கிடந்தாலும் பாதி வரும், தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனால் முழுசாக வரும். "அப்போ நான் இப்ப அரைச் சம்பளத்துக்குத்தானே வேலை பாக்கேன்?" என்று தாளின் பாதியைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

எனக்குத் தலை சுற்றியது. அதுவரை வயதானால் ஓய்வு பெறுவார்கள், களைத்தால் ஓய்வு பெறுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். விதியைச் சொல்லுங்கள், எந்த மாதம் போவார் என்று நான் சொல்கிறேன் என்கிற அளவுக்கு அன்றைக்கு ஜோசியம் பழகிவிட்டேன். ஆனால் பக்கத்தில் காபி டம்ளரோடு நின்ற அவர் வீட்டுக்கார அக்கா அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை: "அந்த மீதி அரைய நான் தாரேன். நீங்க தயவுசெஞ்சு ஆபீசுக்கே போங்க."

அம்மாவின் பத்து

என் ஜோசியத்தை முதலில் அம்மாவிடம்தான் காட்டினேன். அம்மா பீடி சுற்றுகிறாள். அவளுக்கும் பி.எஃப். உண்டு, பென்சனும் உண்டு. பத்து வருஷம் சேர்ந்திருக்க வேண்டும், ஐம்பத்தெட்டில் வரும். எட்டு வருஷம் ஆனபோது பழைய கம்பெனிக் கடையை மூடிவிட்டார்கள். எல்லாரும் பி.எஃபை முடித்து எடுத்தார்கள், அம்மாவும் எடுத்தாள். எடுத்தால் அந்த எட்டும் அழிந்துபோகும், புதுக் கடையில் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்று அன்றைக்கு அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது மறுபடியும் ஆறில் இருக்கிறாள். இன்னும் நாலு வருஷம் கண்டிப்பாக நீ இந்த முறத்தை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று நான் ஜோசியம் சொன்னேன். இலையை வெட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். ஒனக்கும் ஒரு விழா வைக்கேன் அம்மா என்றேன். "வையி. நானும் முன் வரிசைல உக்காந்து பீடி சுத்திக்கிட்டே கேக்கேன்."

மாமாவின் கடிதம்

ஏப்ரல் கடைசியில் முருகையா மாமா விருப்ப ஓய்வுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார் என்று அப்பா வந்து சொன்னார். ஜூலை கடைசியில் போகிறார். என் ஜோசியம் அப்படியே கவிழ்ந்தது. மாமாவுக்கு இருபத்திரண்டு வருஷம்தான் ஆகியிருக்கிறது. முழுப் பென்சனுக்கு எத்தனையோ வருஷம் பாக்கி. ஓடியாடுகிற வேலையும் இல்லை, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. எந்த விதியும் அவரைப் போகச் சொல்லவில்லை. இருந்தும் போகிறார்!

அப்பாவுக்குக் கோபம். வீட்டுக்கு வந்த மாமாவை உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டார்: "ஒனக்கு என்னலே வந்திச்சு? கால் வலியா, கை வலியா? இல்ல, எவனாவது எடம் வாங்கித் தாரேன்னானா?" மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். "சும்மா இருக்க ஆசயா இருக்குடே. அதுக்கும் ஒங்கிட்ட மனுப் போடணுமா?"

மேடம் குரலில்

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவின் அலுவலகத்துக் கண்காணிப்பாளர் கோமதி மேடம் செங்கோட்டைக்காரர். பேச்சில் கொஞ்சம் மலையாளம் இழையும்; கடைசி எழுத்தை ஊஞ்சலில் வைத்து ஆட்டி விடுவார். எனக்கு அல்வா மாதிரியான குரல். பதிவறையில் ஒரு பழைய லேண்ட்லைன் உண்டு, யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாது. கூப்பிட்டேன். "முருகையா, நானாக்கும் பேசறது. லெட்டர் என் முன்னாலதான் இருக்கு. இப்பப் போனா நஷ்டமல்லே? நெசக் காரணம் என்னன்னு சொல்லணும், கேட்டோ?" பயந்து உளறுவார், "ஏமாந்தீங்களா மாமா" என்று கத்தலாம் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

அந்தப் பக்கம் மாமா தொண்டையைச் செருமினார். "மூணு தடவ எழுதிக் கேட்டேன் மேடம், என்னைய வெளிவேலைக்குப் போட்டுட்டு சண்முகவேல இந்த ரூமுல போடுங்கன்னு. சீனியாரிட்டிப்படிதான் செய்ய முடியும்னு சொல்லிட்டாவ. லிஸ்ட்டுல எனக்கு அடுத்தது அவன்தான். நானே லிஸ்ட்டுல இல்லன்னாக்க?" மேடமாகவே "சரி" என்று இழுத்துவிட்டு வைக்கப் போனேன். அதற்குள் மாமா சொன்னார்: "அவன்கிட்டச் சொல்லிராதீங்க, தெரிஞ்சா அந்தச் சேருல உக்காரவே மாட்டான். ரெண்டு பேருல ஒருத்தன் போனாத்தான் சேர் காலியாவும். போக முடிஞ்சவன் நாந்தான்."

குற்றாலத்தில் காலி மண்டபம்

விழா குற்றாலத்தில். நல்ல சாரல். அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை என்பதால்தான் நாற்பது பேரும் மண்டபத்தில் இருந்தார்கள். ஏழு பேர் பேசி, ஏழு பேரும் "ஓய்வு பணிக்குத்தான்" என்று சொல்லி முடித்தார்கள். எட்டாவதாக அப்பா மைக்கைப் பிடித்து "அவையோர்களே" என்றார். யாரோ வாசலிலிருந்து "மெயின் அருவியத் தொறந்துட்டாம்லே!" என்று கத்தினார்கள். அவையோர் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கோமதி மேடமும் குடையை விரித்தார். மிச்சம் இருந்தது மேடையில் அப்பா, மாலை போட்டதால் எழுந்திருக்க முடியாத மாமா, மைக் செட்டுக்குப் பக்கத்தில் நான்.

அப்பா மைக்கை விடவில்லை. ஆளில்லாத மண்டபத்துக்கு ஒலிபெருக்கியில் கேட்டார்: "ஏலே முருகையா, இப்பவாவது சொல்லு, ஏன்லே போற?" மாமா கூரையைப் பார்த்தார். அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, இவன் குரல்தான் ஒனக்குத் தண்ணிபட்ட பாடாச்சே. இவன மாதிரிப் பேசி நீயே சொல்லு, ஏன் போறான்?" மைக் என் கைக்கு வந்துவிட்டது. அவர் குரலில் அந்த உண்மையைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். மாமா மாலைக்குள்ளிருந்து என்னையே பார்த்தார். நான் மாமா குரலில் சொன்னேன்: "சுந்தரபாண்டியபுரத்துல கொஞ்சம் எடம் பிடிச்சு சூரியகாந்தி போடப் போறேன்டே. பூத்திச்சுன்னாக்க சினிமாக்காரன் வருவான், நான் வரப்புல நின்னு வாடக வாங்குவேன்!" அப்பா மைக்கில் எச்சில் தெறிக்கிற அளவுக்குச் சிரித்தார். அப்படியே நம்பியும் விட்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் மாமா என் இலைக்கு ஒரு ஜாங்கிரி தள்ளிவிட்டார். என்னத்துக்கு என்று கேட்டேன். அப்பாவுக்குக் கேட்காமல் குனிந்து சொன்னார்: "அன்னைக்கு நீ போன் பண்ணும்போது மேடம் எனக்கு எதுத்தாப்புலதான் உக்காந்து கொழுக்கட்ட தின்னுக்கிட்டு இருந்தாவ. அவங்க காதுலயும் விழட்டும், ஒங்க வீட்டுல ஒரு ஆளுக்கும் தெரிஞ்சிருக்கட்டும்னுதான் சொன்னேன்."

பதிவறை

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா வழக்கம்போலக் கல் சுமந்துவிட்டு வந்து, முழங்காலில் எண்ணெய் தேய்த்தார். மாமா வாரத்துக்கு இரண்டு தடவை ஒன்றும் இல்லாத காரியத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து போனார். உத்தரவு வந்துவிட்டதா என்று வாயால் கேட்காமல் அப்பாவின் காலைப் பார்ப்பார், செருப்பில் சேறு இருக்கிறதா என்று. ஒரு சாயங்காலம் செருப்பில் சேறு இல்லை. மாமா அன்றைக்கு இரண்டு டம்ளர் காபி குடித்தார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் ஆகிவிட்டது. முழங்கால் சத்தம் நிற்கவில்லை, ஆனால் படி ஏறும்போது அப்பா கைப்பிடியைப் பிடிப்பதில்லை. அறுபதுவரை அந்த நாற்காலியிலேயே இருந்துவிடுவேன் என்று தைரியமாகச் சொல்கிறார். இங்கே எழுதினால் தெரிந்துபோகாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் அச்சில் படிப்பது ராசிபலன் ஒன்றுதான். போன வாரம் மாமா வந்திருந்தபோது, தும்மிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்த அப்பா பையைக்கூட இறக்கி வைக்காமல் ஆரம்பித்தார். மாமா மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பரம சாதுவாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா திட்டியது இதுதான்: "ஒரு கட்டுகூட ஒழுங்காக் கட்டி வைக்கல நீயி, கடையம் கட்டுக்குள்ள ஆலங்குளம் கெடக்கு. இருவத்திரண்டு வருசம் அங்க என்னதாம்லே பண்ணுன? நல்ல வேள, போய்த் தொலஞ்ச!"

ஆக, ஒரு ஆள் எப்போது ஓய்வு பெறுவார் என்பதை விதியைப் பார்த்தே சொல்லிவிடுகிற நான், ஏன் ஓய்வு பெற்றார் என்பது நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு ஆள் விஷயத்தில் மட்டும், யாரும் கூலி கொடுக்காமலே, ஊமைக் குரலில் பேசிக்கொண்டிருக்கிறேன்.